தீர்ப்பில்லாத விடுதலை

பாயான் பாருவில் இருந்த அந்த அடுக்குமாடியில் எல்லாருக்கும் தெரிந்தவன் கோகுலன்தான். யாருடைய மோட்டார் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். யாராவது வீடு மாற்றினால் அவன் வேன்தான் கீழே வந்து நிற்கும். எதைக் கேட்டாலும் "சரி லா, பாத்துக்கலாம்" என்பான். இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

அவன் மனைவி புஷ்பவள்ளி நேரெதிர். பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் அவளுக்கு வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்யூட் பலகைகளை வைத்துப் பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் பழுதானதை இன்னொரு தட்டிலும் போட வேண்டும். தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் லிப்டில் யாரோடும் நின்று பேச மாட்டாள். அதனால் அவளைக் 'கோகுலன் சம்சாரம்' என்றுதான் சொல்வார்கள். கோகுலனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

கோகுலன் ஜுருவில் ஒரு கார் உதிரிப்பாகக் கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். கடல் பாலத்தைத் தாண்டி, அவர்கள் குடியிருந்த தீவிலுள்ள பட்டறைகளுக்குச் சாமான் கொண்டுவந்து போடுவது அவன் வேலை. அதே ஜுருவில் தனேஷ் கார்களுக்கு ஸ்பீக்கர், விளக்கு, சீட் உறை மாட்டும் கடை வைத்திருந்தான். இருவரும் பைராம் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கோகுலன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் தனேஷ். அவ்வப்போது, "மச்சான், நீ அந்தப் பக்கம்தானே போறே, இதையும் இறக்கிட்டுப் போயிடேன்" என்று ஏதாவது பெட்டியை வேனில் ஏற்றிவிடுவான். பெட்ரோல் செலவைக்கூடக் கொடுக்க மாட்டான். புஷ்பவள்ளிக்கு அது பிடிக்காது. சொல்லியும் பார்த்திருக்கிறாள்.

ஒருநாள் ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறைக்கு முன்னால் போலீஸார் வேனை நிறுத்தினார்கள். பின்னால் இருந்த ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்தபோது, உள்ளே பழுப்பு டேப் சுற்றிய பொட்டலங்கள் இருந்தன. அத்தனையும் சியாபு என்கிற போதைப்பொருள். கோகுலன் அங்கேயே தனேஷின் பெயரைச் சொன்னான். தனேஷை அழைத்து விசாரித்தார்கள். அப்படி ஒரு பெட்டியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றான் அவன். பெட்டியை ஏற்றியதைப் பார்த்த ஆள் கிடையாது. தனேஷ் அன்றைக்கே வீட்டுக்குப் போனான். கோகுலன் மேல் போதைப்பொருள் கடத்தல் வழக்குப் பதிவானது. ஜாமீன் இல்லாத வழக்கு. குற்றம் உறுதியானால் தூக்கு. நீதிபதி இரக்கப்பட்டால் முப்பது வருஷத்துக்குக் குறையாத சிறை.

ஒரு வாரத்தில் தனேஷ் தன் மனைவி ரூபினியோடு புஷ்பவள்ளி வீட்டுக்கு வந்தான். அரிசி மூட்டை, எண்ணெய், லோஷினிக்குப் பள்ளிப் பை என்று கை நிறையச் சாமான். லோஷினி கோகுலன் புஷ்பவள்ளியின் ஒரே மகள், அப்போது நான்காம் வகுப்பு. தனேஷ் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"தங்கச்சி, அவன் எம்பேரை ஏன் சொன்னான்னு எனக்குத் தெரியல. எனக்கு அவன்மேல கோபம் இல்ல. பயத்துல சொல்லியிருப்பான். யாரு அவனை இதுல மாட்டிவிட்டாங்களோ."

ரூபினி தலையைக் குனிந்தபடி புஷ்பவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு புஷ்பவள்ளி அரிசி மூட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறவன் இப்படி வீட்டுக்கே வந்து உட்காருவானா என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ஆனால் நினைப்பு விடவில்லை. கோகுலன் மத்தியானம் தின்ற மீ கோரிங்கில் உப்பு அதிகம் என்பதைக்கூட அவளுக்குப் போன் போட்டுச் சொல்கிறவன். பிடிபட்ட அன்றும் போனில் பேசினான். நேராக வீட்டுக்கு வருகிறேன் என்றான். ஜெலுத்தோங்குக்குப் போவதையோ, பெட்டி ஒன்று இருப்பதையோ சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை? சிறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரிசீவரைக் காதில் வைக்கும்போதெல்லாம் இதைக் கேட்டுவிட வேண்டும் என்று வருவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெலிந்து, மொட்டையடித்த தலையோடு அவன் சிரிக்கப் பார்ப்பான். லோஷினி ஒழுங்காகப் படிக்கிறாளா என்பான். அவளும் மகளைப் பற்றியே பேசிவிட்டு வருவாள்.

வெளியே யார் கேட்டாலும் அவள் சொன்னது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் அதைச் செய்யவில்லை. தொழிற்சாலை சூப்பர்வைசரிடம் சொன்னாள். லோஷினியின் வகுப்பாசிரியையிடம் சொன்னாள். போலீஸ் என்றால் சும்மாவா பிடிப்பார்கள் என்று கேட்ட சொந்தச் சித்தப்பாவிடமும் சொன்னாள். திடமான குரலில்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குரல் அவளுக்கே சிலசமயம் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுபோலக் கேட்டது.

தூக்குவரை போகக்கூடிய வழக்கு என்பதால் நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை அமர்த்திக் கொடுத்தது. பெயர் நூருல் ஹுதா. ஜார்ஜ்டவுன் லெபு பந்தாயில் பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் அவளுடைய அலுவலகம். தமிழ் முஸ்லிம் பெண், புஷ்பவள்ளியைவிட இளையவள், படபடவென்று பேசுவாள். முதல் சந்திப்பிலேயே புஷ்பவள்ளியை அக்கா என்று கூப்பிட்டாள். அவள்தான் ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். பொட்டலத்துக்குள் இருப்பது என்ன என்பதைத்தான் ஆய்வுக்கூடத்தில் சோதித்திருக்கிறார்கள். சுற்றியிருந்த டேப்பை யாரும் சோதிக்கவில்லை.

"டேப்பைக் கிழிச்சு ஒட்டுறவன் கைரேகை பசைப் பக்கத்துல கட்டாயம் விழும் அக்கா. அது அண்ணன் ரேகையா, வேற ஆளோடதான்னு பாத்துட்டா, பாதி கேஸ் முடிஞ்சுது."

சோதிக்கச் சொல்லி அவள் மனுப் போட்டாள். அரசுத் தரப்பு இழுத்தடித்தது. கடைசியில் நீதிபதி ஒப்புக்கொண்டார்.

அந்த உத்தரவு வந்த நாளிலிருந்து புஷ்பவள்ளிக்குச் சாப்பாடு இறங்கியது. வேறு யார் என்ன சொன்னாலும் பரவாயில்லை, டேப் சொல்லிவிடும். இந்தத் தட்டா அந்தத் தட்டா என்பது தெரிந்துவிடும். உலகத்துக்குத் தெரிவது இருக்கட்டும், தனக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டேப்பைச் சோதனைக்கு அனுப்புவதற்காகப் போலீஸார் தங்கள் பொருட்காப்பு அறையைத் திறந்தார்கள். வழக்குகளில் பிடிபட்ட சாமான்களையெல்லாம் முத்திரை வைத்துப் பூட்டி வைக்கும் அறை அது. கோகுலன் வழக்கின் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. முத்திரையும் இருந்தது. உள்ளே இருந்த பொட்டலங்கள் மட்டும் வேறு. புதிய பிளாஸ்டிக் பையில், பொடித்த கற்கண்டு. சியாபும் இல்லை, பழுப்பு டேப்பும் இல்லை.

உயர்நீதிமன்றத்தில் அன்று கூட்டமே இல்லை. அரசு வழக்கறிஞர் எழுந்து, குரலைத் தாழ்த்தி மலாயில் பேசினார். சான்றுப் பொருள் காணாமல் போய்விட்டது, விசாரணை நடக்கிறது, இந்த நிலையில் வழக்கை நடத்த இயலாது என்றார். ஹுதா எழுந்து, முழு விடுதலை தர வேண்டும் என்று வாதாடினாள். நீதிபதி இருவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, கோகுலனை விடுவிப்பதாகச் சொன்னார். ஆனால் குற்றமற்றவர் என்று தீர்ப்பளிக்கவில்லை. சான்று திரும்பக் கிடைத்தால் அரசு மறுபடி வழக்குத் தொடுக்கலாம். அவ்வளவுதான், அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

கூண்டிலிருந்து இறங்கிய கோகுலனின் கைவிலங்கை அவிழ்த்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் கண்ணாடி வழியாகவே பார்த்த கணவன், தொடும் தூரத்தில் வந்து நின்றான். புஷ்பவள்ளி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான். அதற்குள் இன்னொன்றும் இருந்தது. இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை என்ற எண்ணம். கோகுலன் அவள் தலையைத் தடவிக்கொண்டே ஹுதாவைப் பார்த்துக் கேட்டான்.

"மிஸ், அப்ப அந்த டேப்பை இனிமே சோதிக்கவே மாட்டாங்களா?"

இல்லாததை எப்படி அண்ணே சோதிப்பது என்றாள் ஹுதா. அவளுக்கும் முகம் செத்துப்போயிருந்தது.

செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. போலீஸ் காவலில் இருந்த போதைப்பொருள் மாயம், லாரி ஓட்டுநர் விடுதலை. வேன் லாரியாகிவிட்டிருந்தது. போனில் அந்தச் செய்திக்குக் கீழே ஊரே எழுதியது. எவ்வளவு தள்ளினானோ என்றார்கள். பெரிய ஆள் பின்னால் இருக்கிறான் என்றார்கள். அடுக்குமாடி லிப்டில் ஒரு பெரியவர் கோகுலனின் முதுகில் தட்டி, "தம்பிக்குப் பெரிய கை எல்லாம் பழக்கம் போல" என்றார். பாராட்டுவதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். அதன்பிறகு கோகுலன் படியில் இறங்கிப் போக ஆரம்பித்தான். யாரும் மோட்டாரைப் பழுதுபார்க்க அவனைக் கூப்பிடவில்லை.

பழைய முதலாளி வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். வேறு இரண்டு இடங்களில் பெயரைக் கேட்டதும், போன் பண்ணுகிறோம் என்றார்கள். கடைசியில் வேலை கொடுத்தவர் சீனி முகம்மது. சௌராஸ்தா பாசாருக்குப் பின்னால் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர், வட்டாரத்தில் எல்லாரும் சீனி நானா என்பார்கள். கோகுலன் தன் கதையைச் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். பேப்பரில் படித்தேன், வெங்காயம் உரிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். விடிந்ததும் போய் வெங்காயமும் மீனும் கோழியும் சுத்தம் செய்துவிட்டு மாலையில் கை முழுக்க மஞ்சளோடு வருவான் கோகுலன். லோஷினி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே கையைக் கழுவாமல் வருகிறானோ என்று புஷ்பவள்ளிக்குத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனேஷ் வந்தான். கையில் ஒரு கூடைப் பழம்.

"பழசை எல்லாம் விடு மச்சான். நீ எம்பேரைச் சொன்னதை நான் மனசுல வச்சுக்கல. எங்கடைக்கு வந்துடு. வேன் ஒண்ணு சும்மாதான் கிடக்குது."

கோகுலன் பழக்கூடையை அவன் பக்கமே தள்ளி வைத்தான். எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். தனேஷ் கொஞ்சம் சிரித்தான், கொஞ்சம் நெளிந்தான், பிறகு போய்விட்டான். இல்லை என்று சொல்லத் தெரியாத கோகுலன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனுக்கு இல்லை என்று சொன்னதை அன்றைக்குத்தான் புஷ்பவள்ளி பார்த்தாள். அதுவும் ஒரு வார்த்தை பேசாமல்.

மறுநாள் அவன் கடையிலிருந்து நேராக ஹுதாவின் அலுவலகத்துக்குப் போயிருக்கிறான். என் வழக்கை மறுபடி நடத்தச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறான். ஹுதாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. உடனே புஷ்பவள்ளிக்குப் போன் போட்டாள். எத்தனையோ கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன் அக்கா, வெளியே வந்த ஆள் மறுபடி கூண்டில் ஏற வழி கேட்டு வந்ததே இல்லை, கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்றாள்.

புஷ்பவள்ளி பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே அவனுக்காகக் காத்திருந்தாள். அவன் வந்ததும் சமையலறையில் வைத்துக் கேட்டாள். பித்துப் பிடித்துவிட்டதா, தூக்குக் கயிறு வரைக்கும் போய்த் திரும்பி வந்த மனுஷன் மறுபடி அதைத் தேடிப் போவானா, லோஷினியை நினைத்துப் பார்த்தீர்களா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். கோகுலன் அடுப்பின் பக்கம் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருந்தான்.

"நீங்க வீட்டுல இருக்கீங்க. எனக்கு அது போதும்" என்று முடித்தாள்.

"உனக்குப் போதுமா புஷ்பா?"

அவள் திரும்பிக் குழாயைத் திறந்தாள்.

"நான் செய்யலன்னு நீ நம்புறியா?"

இத்தனை காலமாக ஊருக்கெல்லாம் சொன்ன பதிலை அவனிடம் சொல்ல அவளுக்கு வரவில்லை. பொய் சொல்லவும் மனம் இல்லை. "தெரியல" என்றாள். சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பிறகு கண்ணாடிக்கு முன்னால் கேட்க முடியாமல் போனதைக் கேட்டாள். அன்றைக்குப் போனில் ஏன் பெட்டியைப் பற்றிச் சொல்லவில்லை?

கோகுலன் ஒரு நிமிஷம் விழித்தான். அப்படி ஒரு கேள்வி இத்தனை நாளாக அங்கே இருந்தது என்பதே அவனுக்குத் தெரியாது.

"சொன்னா நீ ஏசுவே. அவனுக்குச் சும்மா சாமான் தூக்காதன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கே. அதான் சொல்லல."

புஷ்பவள்ளி குழாயை மூடினாள். இவ்வளவுதானா என்று இருந்தது. உண்மையிலேயே ஏசியிருப்பாள்தான். ஆனால் இதுவும் அவன் வாய்ச்சொல்தான். இதற்கும் டேப் கிடையாது, சாட்சி கிடையாது. நம்புவதா வேண்டாமா என்பதை இனி எந்த ஆய்வுக்கூடமும் அவளுக்குச் சொல்லப்போவதில்லை. அவளேதான் முடிவெடுத்தாக வேண்டும்.

அவன் சொல்லியதைவிட அவன் செய்ததைத்தான் அவள் அன்றிரவு முழுக்க எண்ணிப் பார்த்தாள். தப்பித்து வந்தவன் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பான். இவன் கதவைத் தட்டிக் கேட்கப் போகிறான். சோதித்துப் பாருங்கள் என்று விடுதலையான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற ஒரே ஆள் இவன்தான். காலையில் எழுந்ததும் தொழிற்சாலைக்குப் போன் செய்து அவசர விடுப்புச் சொன்னாள்.

"எங்க போறே?" என்றான் கோகுலன்.

"உங்ககூடத்தான். மிஸ் ஹுதாகிட்ட. வழக்கு நடத்தச் சொல்ல வேணாம். அந்தப் பொட்டலம் எங்க போச்சுன்னு கேப்போம்."

"நேத்துத் தெரியலன்னு சொன்னே."

"நேத்துத் தெரியல. இன்னிக்கு நம்புறேன்னு முடிவு பண்ணிட்டேன். கிளம்புங்க, பஸ் போயிடும்."

ஹுதாவுக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. காணாமல் போன சான்றைப் பற்றிப் போலீஸாரின் குற்றங்களைக் கவனிக்கும் அவர்களுடைய நேர்மைப் பிரிவு ஏற்கெனவே விசாரித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு எழுதிக் கேட்டு, கோகுலனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய நேரம் வாங்கினாள். விசாரித்தவர் காமாரியா என்ற பெண் இன்ஸ்பெக்டர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டார். கோகுலன் தனக்குத் தெரிந்த மலாயில் தோட்டத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னான். நடுவில் தடுமாறியபோது ஹுதா எடுத்துக் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்ததும் புஷ்பவள்ளி தானாகப் பேசினாள். அவள் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பொருள் என் வீட்டுக்காரரோடது என்று நீங்கள் நினைத்தீர்கள், அது காணாமல் போனபோது அவர் உங்கள் சிறையில் இருந்தார் என்றாள். அப்படியானால் அதை எடுக்கச் சொன்னது யார்? யாருக்கு அது திரும்ப வேண்டியிருந்தது? அதைவிட, அந்த டேப் யாருக்கு வேண்டாததாக இருந்தது? டேப்பைச் சோதிக்க உத்தரவு வந்த பிறகுதானே இது நடந்திருக்க வேண்டும்?

காமாரியா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைச் சற்று நேரம் பார்த்தார். எங்கே வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். விசாரணையைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

அதன்பிறகு வெகுகாலம் ஒரு தகவலும் இல்லை. நோன்புப் பெருநாள் வந்தது, தீபாவளி வந்தது. சீனி நானாவின் டிரைவர் ஊருக்குப் போய்விட, ஒருநாள் அவர் வேன் சாவியைக் கோகுலனிடம் நீட்டினார். பாலத்துக்கு அப்பால் போய்க் கோழி ஏற்றி வர வேண்டும். கோகுலன் தயங்கினான். வழியில் போலீஸ் ரோட் பிளாக் இருக்கும், என் ஐசி அட்டையைப் பார்த்தால் வேனையே பிரிப்பார்கள் நானா என்றான்.

"பிரிச்சா பிரிக்கட்டும். கோழிதானே இருக்கும்" என்றார் அவர்.

அன்றைக்கு ரோட் பிளாக்கில் நிறுத்தினார்கள்தான். பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் இதை அவன் புஷ்பவள்ளியிடம் இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் அவள் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

ஹுதாவின் போன் ஒரு மத்தியான வேளையில் வந்தது. தொழிற்சாலை விதிப்படி போன் லாக்கரில் இருந்ததால், புஷ்பவள்ளி தேநீர் இடைவேளையில்தான் பார்த்தாள். வரிசையாகத் தவறிய அழைப்புகள். கழிவறைப் பக்கம் ஒதுங்கித் திருப்பி அழைத்தாள்.

பொருட்காப்பு அறைச் சாவியை வைத்திருந்த போலீஸ்காரர் ஒருவர் கைதாகியிருந்தார். அவர் வாய் திறந்ததில் தனேஷின் பெயர் வந்தது. ஜுரு கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைச் சோதித்தபோது, ஸ்பீக்கர் பெட்டிகளுக்குள் பொட்டலங்கள் அகப்பட்டன. எல்லாம் இல்லை, கொஞ்சம் விற்றுவிட்டான். மிச்சம் இருந்தவற்றில் நீதிமன்றச் சான்று என்ற அடையாள ஒட்டுக்கூட உரிக்கப்படாமல் இருந்தது. தன் சரக்கைத் தானே போலீஸிடமிருந்து விலைக்கு வாங்கியிருக்கிறான் அவன். டேப்புக்குப் பயந்து வாங்கியவன், சரக்கோடு சேர்த்து அதை எரித்திருந்தால் தப்பியிருப்பான் என்றாள் ஹுதா. சரக்கை விட மனசு வரவில்லை. பிரிக்காத பொட்டலங்களில் டேப்பும் அப்படியே இருந்தது.

"ரேகை எடுத்துட்டாங்க அக்கா. அவனோடது. அண்ணனோடது ஒண்ணுகூட இல்ல."

கோகுலனுடைய ரேகை இல்லை என்று கேட்டபோது, அவள் எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் உள்ளே அசையவில்லை. அதற்காக ஏங்கிய காலம் போய்விட்டிருந்தது. தெரிந்த ஒன்றையே யாரோ உரக்கப் படித்துக் காட்டியதுபோல இருந்தது. ஆனால் மிஷின்களுக்கு நடுவே தன் இடத்துக்குத் திரும்பி நடந்தபோது கால்கள் லேசாக இருந்தன. பக்கத்து இருக்கைப் பெண், ஏன் அக்கா சிரிக்கிறீங்க என்று கேட்டாள். சிரிப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

வழக்கு மறுபடி அதே நீதிமன்றத்துக்கு வந்தது. இந்த முறை அரசு வழக்கறிஞரே எழுந்து, கோகுலன்மேல் இனி எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்றார். நீதிபதி அவனை எழுந்து நிற்கச் சொல்லி, முழுமையாக விடுவிக்கப்பட்டார், குற்றமற்றவர் என்று மலாயில் நிதானமாகப் படித்தார். படித்து முடித்த பிறகும் கோகுலன் நின்றுகொண்டே இருந்தான். இன்னொரு தடவை சொல்லச் சொல்வானோ என்று புஷ்பவள்ளிக்குப் பயமாக இருந்தது. ஹுதா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வெளியே வந்ததும் அவன் முதலில் செய்தது, லோஷினியின் வகுப்பாசிரியைக்குத் தன் போனிலிருந்து, மலாய் தெரியாதவருக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக அந்தத் தீர்ப்பை எழுதி அனுப்பியதுதான்.

தாழ்வாரத்தின் கடைசி பெஞ்சில் ரூபினி தனியாக உட்கார்ந்திருந்தாள். அன்று காலையில்தான் தனேஷை இன்னொரு அறைக்குக் கொண்டுவந்து, வழக்குத் தேதியைச் சொல்லித் திரும்பக் கூட்டிப் போயிருந்தார்கள். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. புஷ்பவள்ளியைக் கண்டதும் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். போக இடம் இல்லை.

"அக்கா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

புஷ்பவள்ளி அவள் முகத்தைப் பார்த்தாள். தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். தனேஷை நினைத்தால் அவளுக்கு இன்னும் வயிறு எரிந்தது. ஆனால் இந்த பெஞ்சில் இப்படித் தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பார்க்கப் போனியா?"

ரூபினி இல்லை என்று தலையாட்டினாள். எங்கே போய் யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை என்றாள். புஷ்பவள்ளி ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலையிலேயே போய்விட வேண்டும், தாமதித்தால் வரிசை எண் தீர்ந்துவிடும். ஐசியோடு கல்யாணச் சான்றிதழையும் எடுத்துப் போக வேண்டும். சிலிப்பர் போட்டுக்கொண்டு போகக்கூடாது. ரிசீவரில் சத்தம் சரியாகக் கேட்காது, காதோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை முதல் தடவையே கூட்டிப் போகாதே என்றாள். ரூபினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். புஷ்பவள்ளி அவள் அழுது முடிக்கும்வரை எழுந்து போகவில்லை.

வாசலில் சீனி நானாவின் வேனோடு கோகுலன் காத்திருந்தான். தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருந்தான்.

"அவகிட்ட என்ன பேசினே?"

"சிறைக்கு வழி சொன்னேன்."

அவன் வேனை எடுத்தான். லெபு லைட் தெருவைத் தாண்டியதும், நானா கடையில் இன்று ஒரு கல்யாணத்துக்குப் பிரியாணி இருக்கிறது, சாயங்காலம் ஏற்றிப் போக வேண்டும், அதற்கு முன்னால் உன்னை வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றான்.

"வீட்டுல வேணாம், ஃபேக்டரியில இறக்கிவிடுங்க" என்றாள் புஷ்பவள்ளி. "அரை நாள்தான் லீவு போட்டிருக்கேன்."